தேய்மானம் யார் கணக்கில்? வணிக மின்வண்டிகளின் செலவு வரலாறு

தொழிலுக்காக மின்சார வண்டி வாங்குவது கட்டுபடியாகுமா என்பது இந்த நூற்றாண்டில் எழுந்த கேள்வியாகத் தோன்றினாலும், இலண்டனிலும் நியூயார்க்கிலும் 1890களிலேயே நிறுவனங்கள் அதைக் கணக்கேட்டில் எழுதிப் பார்த்துவிட்டன. ஒரு வண்டியின் செலவை வணிகர்கள் இரண்டாகப் பிரிப்பது வழக்கம்: வண்டி ஓடினாலும் நின்றாலும் விழுகின்ற முதலுக்கான வட்டி, காப்பீடு, கொட்டகை வாடகை போன்றவை நிலைச் செலவு, ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கூடுகின்ற எரிபொருள் அல்லது மின்சாரம், டயர், பழுதுபார்ப்பு போன்றவை ஓட்டச் செலவு. மின்வண்டியில் நிலைச் செலவு மிகுதி, ஓட்டச் செலவு குறைவு. எனவே நாள்தோறும் நெடுந்தூரம் ஓடினால்தான் போட்ட முதல் பரவலாகப் பங்கிடப்பட்டு மைலுக்கு ஆகும் செலவு இறங்கும். ஆனால் ஒருமுறை மின்னேற்றினால் ஓடக்கூடிய தூரத்தை மின்கலத்தின் கொள்ளளவு கட்டுப்படுத்துகிறது. நிறைய ஓடினால்தான் கட்டும், நிறைய ஓடவோ இயலாது என்னும் இந்த முரணை வெவ்வேறு தொழில்கள் எவ்வாறு கையாண்டன என்பதும், மின்கலத்தின் தேய்மானத்தைச் சுமக்கும் பொறுப்பு யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதுமே வணிக மின்வண்டியின் வரலாற்றைத் தீர்மானித்தன.

தொடக்க காலத்தில் மின்வண்டிக்கு எதிராக நிறுத்தப்பட்டது பெட்ரோல் வண்டி அன்று, குதிரை. நகரத்து வணிகனுக்குக் குதிரை பழகிய செலவு: வேலை இல்லாத நாளிலும் அதற்குத் தீனி போட வேண்டும், இலாயம் வேண்டும், இலாடம் அடிக்க வேண்டும், நெடுநேரம் இழுத்தால் களைத்துவிடும் என்பதால் ஒரு வண்டிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குதிரைகளை வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். கஸ்தோன் பிளான்தே 1859இல் உருவாக்கி, கமில் ஃபோர் 1881இல் மேம்படுத்திய ஈய-அமில மின்கலம், அதாவது ஈயத் தட்டுகளைக் கந்தக அமிலக் கரைசலில் நிறுத்தி மின்னாற்றலைச் சேமிக்கும் கலம், தொழிற்சாலையில் பெருமளவில் செய்யக்கூடியதான பிறகு, இந்தக் குதிரைச் செலவை மின்சாரத்தால் வெல்லலாம் என்ற எண்ணம் முதலீட்டாளர்களிடையே பரவியது.

இலண்டனில் வால்டர் பெர்சி என்னும் இளம் பொறியாளர் வடிவமைத்த மின்சார வாடகை வண்டிகள் 1897 ஆகஸ்டில் தெருவுக்கு வந்தன. அவற்றின் ரீங்கார ஓசைக்காக நகரத்தார் அவற்றுக்கு ஹம்மிங்பேர்டு என்னும் ரீங்காரப் பறவையின் பெயரைச் சூட்டினர். ஒரு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 30 மைல் ஓடிய இவ்வண்டிகளின் கொட்டகையில், தீர்ந்த மின்கல அடுக்கை நீரழுத்தத் தூக்கியால் இறக்கிவிட்டு ஏற்றிய அடுக்கைச் சில நிமிடங்களில் பொருத்தும் வசதி இருந்தது. மின்சாரத்தின் விலை நிறுவனத்தைக் கவிழ்க்கவில்லை. ஏறத்தாழ இரண்டு டன் எடையைச் சுமந்த ரப்பர் டயர்கள் விரைவில் தேய்ந்தன; கல் பாவிய தெருக்களின் அதிர்ச்சியில் மின்கலத் தட்டுகள் சிதைந்தன; இவ்விரண்டையும் மாற்றும் செலவு குதிரை வண்டிக்கு நிகரான கட்டணத்தில் ஈடாகவில்லை. 1899இல் சேவை நின்றது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் ஹென்றி மாரிஸ், பெத்ரோ சலோம் என்னும் இருவர் ஃபிலடெல்ஃபியாவில் உருவாக்கிய மின்வண்டியிலிருந்து பிறந்த வாடகை வண்டிச் சேவை, 1897இல் நியூயார்க்கில் தொடங்கிச் சிறிது காலத்திலேயே மின்கலத் தொழிலதிபர் ஐசக் ரைஸின் கைக்கு மாறி, எலெக்ட்ரிக் வெகிக்கிள் கம்பெனி என்ற பெயர் பெற்றது. அந்நிறுவனம் வண்டியை விற்கவில்லை. வண்டியும் மின்கலமும் கொட்டகையும் தன்னிடமே இருக்க, பயணத்தை மட்டும் விற்றது. மின்கலத்தைப் பராமரிக்கும் அறிவு ஒரே இடத்தில் குவிந்திருந்ததால் இந்த ஏற்பாட்டில் நியாயம் இருந்தது. ஆனால் வில்லியம் விட்னி முதலிய பெருமுதலாளிகள் 1899இல் நுழைந்து பல நகரங்களில் ஒரே வேளையில் கிளைகளைத் திறந்தபோது, மின்கலத்தைப் பேணத் தெரிந்த ஆள்கள் அந்த வேகத்தில் உருவாகவில்லை. கிளைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தாய் நிறுவனமும் 1907இல் நொடித்தது.

இத்தோல்விகளின் வேர் மின்கலம் மூப்படையும் விதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் நேர்மின் தட்டின் மேல் படிந்துள்ள ஈய ஆக்சைடு சிறிது உதிர்ந்து கலத்தின் அடியில் வண்டலாகத் தங்குகிறது. வண்டல் உயர்ந்து தட்டுகளைத் தொட்டால் மின்கசிவு ஏற்படும் என்பதால் கலத்தைத் திறந்து கழுவ வேண்டும். தட்டு மெலிந்தால் மாற்ற வேண்டும். முற்றாகத் தீரும்வரை ஓட்டுவதும் குலுங்க ஓட்டுவதும் இந்த உதிர்வை விரைவுபடுத்தும். வாடகை வண்டியோ எந்தத் தெருவுக்கு, எத்தனை மைலுக்கு அழைக்கப்படும் என்று முன்கூட்டி அறிய முடியாத தொழில். சில மணி நேரம் சும்மா நிற்கும், பிறகு ஒரே மூச்சில் எல்லை வரை ஓடும். மின்கலத்துக்கு மிகவும் தீங்கான வேலைமுறையைக் கொண்ட தொழிலில்தான் அது முதன்முதலில் பெருமளவில் பூட்டப்பட்டது.

சரக்கு விநியோகத் தொழில் இதற்கு நேர் எதிரானது. பெருங்கடையின் பொட்டலங்கள், ரொட்டித் தொழிற்சாலையின் தட்டுகள், பார்சல் நிறுவனங்களின் மூட்டைகள் ஆகியவை நாள்தோறும் ஏறக்குறைய ஒரே தெருக்களில், ஒரே தூரத்துக்குள் சென்றன. வண்டி இரவில் தன் கொட்டகைக்குத் திரும்பியது. பகலில் உச்சத்தில் இயங்கி இரவில் சோம்பிக் கிடந்த மின்நிலையங்களுக்கும் இரவு நேர வாடிக்கையாளர் தேவைப்பட்டதால், அவை மின்னேற்றத்துக்குக் குறைந்த கட்டணம் வைத்தன. சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு பெருங்கடை வாக்கர் நிறுவன மின்வண்டிகளை ஓட்டியதும், நியூயார்க்கின் வார்டு ரொட்டி நிறுவனம் பெரிய மின்வண்டித் தொகுதியை வைத்திருந்ததும் இக்கணக்கின் பலனே.

இந்தக் கணக்கை முறையாக ஆராய்ந்த முதன்மையான முயற்சி 1910களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்தது. பாஸ்டன் நகர மின் நிறுவனத்தின் ஆதரவுடன் அங்கு அமைந்த ஆய்வுப் பிரிவு, குதிரை வண்டி, மின்வண்டி, பெட்ரோல் வண்டி ஆகிய மூன்றையும் வேலையில் பின்தொடர்ந்து, வண்டி ஓடும் நேரத்தையும் சரக்கு ஏற்றி இறக்க நிற்கும் நேரத்தையும் பிரித்து அளந்தது. நிறுத்தங்கள் நெருங்கி மிகக் குறைந்த தூரமே ஓட வேண்டிய வேலைக்குக் குதிரையும், இடைப்பட்ட தூரத்துக்கு மின்வண்டியும், நெடுந்தூரத்துக்குப் பெட்ரோல் வண்டியும் பொருந்தும் என்று அறிவிக்கப்பட்ட முடிவைவிட, அதன் அடியில் இருந்த கண்டுபிடிப்பு முக்கியமானது: விநியோக வண்டி பகலின் பெரும்பகுதியைக் கதவோரம் நின்றே கழிக்கிறது, ஆகவே வேகம் கூடினாலும் செலவு அதே அளவுக்குக் குறைவதில்லை. நிற்கும் நேரத்தில் ஆற்றலை உண்ணாத மின்வண்டிக்கு இதுவே பலமான வாதமாக அமைந்தது.

மின்கலத் தொழிலும் தேய்மானக் கணக்கைத் திருத்த முயன்றது. தாமஸ் எடிசன் காரக் கரைசலில் இயங்கும் நிக்கல்-இரும்பு மின்கலத்தை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்து, கசிவும் கொள்ளளவு இழப்பும் வெளிப்பட்டதால் உற்பத்தியை நிறுத்தி, திருத்திய வடிவத்தைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வெளியிட்டார். அது நெடுநாள் உழைத்தது. ஆனால் விலை மிகுதி, கடுங்குளிரில் திறன் குறைவு. போட்டியாக எக்சைடு நிறுவனம் 1910இல், செயற்பொருள் உதிராமல் துளையிட்ட ரப்பர் குழாய்களுக்குள் அடைக்கப்பட்ட ஈய மின்கலத்தை வெளியிட்டது. இவற்றுள் எதை வாங்குவது என்பது முதலைக் கூட்டித் தேய்மானத்தைக் குறைப்பதா, முதலைக் குறைத்துத் தேய்மானத்தை ஏற்பதா என்னும் தேர்வாக இருந்தது. கடன் வாங்கித் தொழில் நடத்தும் சிறு வணிகனுக்கு இரண்டுமே பாரம்.

அந்தப் பாரத்தை வணிகனின் தோளிலிருந்து இறக்கியது கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகர ஏற்பாடு. ஜெனரல் எலெக்ட்ரிக் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் மின்கலம் இல்லாத வண்டியை விற்றது. மின்கலம் நகரத்து மின்விளக்கு நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தது. வணிகர் மாதந்தோறும் ஒரு நிலைக் கட்டணமும், ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கட்டணமும் செலுத்தினார். தீர்ந்த அடுக்கைக் கொட்டகையில் கொடுத்து ஏற்றிய அடுக்கைப் பெற்றார். இதனால் முரணின் இரு முனைகளும் ஒருங்கே தளர்ந்தன: வண்டியின் விலை இறங்கியதால் நிலைச் செலவு குறைந்தது, அடுக்கை மாற்றிக்கொள்ள முடிந்ததால் தூர எல்லை அகன்றது. தட்டின் மெலிவையும் வண்டலையும் கவனிப்பது அத்தொழிலையே அறிந்த மின் நிறுவனத்தின் வேலையாயிற்று. 1924 வரை நீடித்த இச்சேவையில் வண்டிகள் 60 இலட்சம் மைலுக்கு மேல் ஓடின.

எனினும் இந்த ஏற்பாடு மிகச் சில ஊர்களுக்கு அப்பால் பரவவில்லை. ஃபோர்டு நிறுவனத்தின் தொடர் உற்பத்திமுறை பெட்ரோல் வண்டியின் விலையைத் தொடர்ந்து வீழ்த்தியது. 1912இல் காடிலாக் வண்டியில் அறிமுகமான மின் தொடக்கி, கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தை உயிர்ப்பிக்கும் தொல்லையை நீக்கியது. முதல் உலகப்போர் ஆயிரக்கணக்கான ஆள்களைப் பெட்ரோல் லாரி ஓட்டவும் பழுதுபார்க்கவும் பழக்கியது. நகரங்கள் புறநகர்களாக விரிய, இடைப்பட்ட தூரம் என்ற மின்வண்டியின் பகுதி சுருங்கியது. அருகிலும் தொலைவிலும் சரக்கு அனுப்பும் நிறுவனம் இரண்டு வகை வண்டிகளையும் இரண்டு வகை மெக்கானிக்குகளையும் வைத்திருப்பதைவிட, சில வேலைகளில் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் எல்லாத் தூரத்துக்கும் உதவும் ஒரே வகையைத் தேர்ந்துகொண்டது. மைலுக்கு ஆகும் செலவை மட்டும் பார்த்த விற்பனையாளர்கள் இந்தத் தேர்வை எதிர்பார்க்கவில்லை.

மின்வண்டி அரை நூற்றாண்டுக்கு மேல் தழைத்தது பிரிட்டனின் பால் விநியோகத்தில். இலண்டனின் ஹாரட்ஸ் பெருங்கடை 1930களின் பிற்பகுதியில் தன் பட்டறையிலேயே 60 மின்வண்டிகளைக் கட்டிக்கொண்ட அதே காலத்தில், பால் நிறுவனங்கள் குதிரைகளை விலக்கி மின்வண்டிகளுக்கு மாறத் தொடங்கின. 1939இல் வந்த பெட்ரோல் பங்கீடு இம்மாற்றத்துக்கு உதவியது. விடியலுக்கு முன் வீட்டுக்கு வீடு நின்று செல்லும் பால்காரரின் பாதை ஒவ்வொரு நாளும் மாறாதது; ஓசை எழுந்தால் தெருவே விழித்துக்கொள்ளும்; மணிக்கு 15 முதல் 20 மைல் வேகமே போதும். எளிய கட்டமைப்புக் கொண்ட வண்டி இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைத்ததால், மின்கலத்தை இடையில் சில முறை மாற்றினாலும் அதன் முதல் நீண்ட காலத்துக்குப் பங்கிடப்பட்டது. மின்வண்டிச் சங்கம் 1967இல், உலகின் பிற நாடுகள் அனைத்தையும் சேர்த்தாலும் அவற்றைவிடப் பிரிட்டனின் சாலைகளில் மின்வண்டிகள் அதிகம் என்று அறிவித்தது. அவற்றில் ஏறக்குறைய எல்லாம் பால் வண்டிகளே. 1980களுக்குப் பிறகு பல்பொருள் அங்காடிகளில் பால் மலிவாகக் கிடைத்து வீட்டு விநியோகம் சுருங்கியபோது, ஒரு தெருவில் வாடிக்கையாளர்கள் குறைந்து பால்காரர் நெடுந்தூரம் சுற்ற நேர்ந்தது. வண்டியில் குறை இல்லை. வண்டியைக் கட்டுபடியாக்கிய நெருக்கமான பாதைதான் மறைந்தது.

காத்மாண்டு பள்ளத்தாக்கில் 1990களில் தோன்றிய சஃபா டெம்போ எனப்பட்ட மூன்று சக்கர மின்வண்டிகள் தெற்காசியாவுக்கு இதே பாடத்தைத் தந்தன. டீசல் டெம்போக்கள் 1999இல் தடை செய்யப்பட்டபோது அவற்றின் இடத்தைப் பிடித்த இவ்வண்டிகளுக்கு நிலையான தடமும், நேபாளத்தின் நீர்மின்சாரமும், நடுப்பகலில் மாற்றிக்கொள்ள இரண்டாவது மின்கல அடுக்கும் இருந்தன. ஓட்டுநர்களில் பெண்கள் பெருந்தொகையினர். ஆனால் ஈய மின்கல அடுக்கு குறுகிய காலத்திலேயே தேய்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய புது அடுக்கின் விலை, கடன் வாங்கி வண்டி வைத்திருந்த உரிமையாளரின் தலையிலேயே விழுந்தது. பின்னர்ச் சிற்றுந்துகள் போட்டிக்கு வந்தபோது அவ்வுரிமையாளர்களில் பலர் தத்தளித்தனர்.

சோனி நிறுவனம் 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலமும், அதன் விலையில் 2010க்குப் பிறகு ஏற்பட்ட பெருஞ்சரிவும் பழைய கணக்கின் எண்களை மாற்றியுள்ளன. கணக்கின் வரிகள் மாறவில்லை. இந்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஆகஸ்டில் மின்கலம் பொருத்தாத மின்வண்டிகளை விற்கவும் பதிவு செய்யவும் இசைந்தபோது, மொத்த விலையில் 30 முதல் 40 விழுக்காடு மின்கலத்துக்குரியது என்பதையே காரணமாகச் சுட்டியது. மின்கலத்தை ஒருவரும் வண்டியை மற்றொருவரும் உடைமையாகக் கொள்ளும் அந்த ஏற்பாடு, ஹார்ட்ஃபோர்டில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு செயல்பட்ட ஒன்றே.

எனவே இன்று வணிகத்துக்கு மின்வண்டி வாங்க எண்ணுவோர் பெட்ரோல் விலையையும் மின்கட்டணத்தையும் ஒப்பிடுவதோடு நின்றால், 1897இல் இலண்டன் முதலீட்டாளர்கள் விட்ட இடத்திலேயே நிற்பார்கள். நாள்தோறும் ஓடும் தூரம் எவ்வளவு நிலையானது, மின்கலம் தேய்ந்தால் அதன் விலை எந்த ஏட்டில் எழுதப்படும், முதலீடு முழுமையாகத் திரும்பும்வரை அந்தப் பாதை நிலைக்குமா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை இருந்த தொழில்களில் ஈய மின்கலமே இலாபம் தந்தது. விடை இல்லாத தொழில்களில் அதைவிடச் சிறந்த மின்கலமும் நட்டத்தைத் தள்ளிப்போடுமே அன்றித் தடுத்துவிடாது.