காது மந்தம்: சத்தமா, ரத்தமா?

"வயசானா காது மந்தம் ஆகத்தான் செய்யும்." கடலூரிலும் சிதம்பரத்திலும் இதைக் கேட்காத வீடு இருக்காது. ஆனால் வயசு மட்டும்தான் காரணமா?

1891-ல் ஹாலந்து மருத்துவர் ஸ்வார்டமேக்கர், வயதாக ஆக கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகின்றன என்று எழுதினார். தாத்தா "சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்று சொல்வது இதனால்தான். 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் அவருக்கு நழுவிவிடுகின்றன.

1962-ல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ரோசன், இரைச்சலே இல்லாத சூடான் கிராமங்களில் மபான் இன மக்களைச் சோதித்தார். அங்கே முதியவர்களுக்கும் காது நன்றாகக் கேட்டது! அப்படியானால் குற்றவாளி சத்தமா?

அவ்வளவு சுலபமில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரே மாதிரி வளர்த்தாலும் சில எலி வகைகளுக்கு மட்டும் சீக்கிரமே காது போனது. 2003-ல் அதற்குக் காரணமான மரபணு தெரிந்தது. பெயர் கேட்ஹெரின் 23.

நம்ம பக்கம் அக்கா மகள், அத்தை மகள் கல்யாணம் என்றாலே பிறவிக் காது கேளாமை பற்றிப் பேசுவோம். அதற்குப் பெரும்பாலும் ஒரே மரபணுக் கோளாறு போதும். முதுமை மந்தம் வேறு. அதில் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடுகின்றன. மரபணுவின் எழுத்து மாறாமலே அதன் வேலையைக் கூட்டிக் குறைக்கும் ரசாயனக் குறிகளும் உண்டு (எபிஜெனிடிக்ஸ்). வயதும் வாழ்க்கை முறையும் அந்தக் குறிகளை மாற்றக்கூடும்.

ஆக, சத்தமும்தான், ரத்தமும்தான்!

உள்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. தாத்தா கொடுத்த மரபணுவை மாற்ற முடியாது. பஸ் ஏர்ஹாரன், திருவிழா ஸ்பீக்கர், ஹெட்போன் சத்தத்தைக் குறைக்கலாம். தாத்தாவைக் கிண்டல் செய்யாமல் முகம் பார்த்து நிதானமாகப் பேசலாம். காது பரிசோதனைக்கும் அழைத்துப் போகலாம்.