உப்பு வயலும் ஒளி வாய்க்காலும்

2004 டிசம்பர் சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் எங்கள் தாத்தா வயலுக்குள் கடல் புகுந்துவிட்டது. தண்ணீர் வடிந்தும் மண் தேறவில்லை. உப்பிலிருந்த சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டது. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி, வடித்தார்கள். ஜிப்சத்திலிருந்த கால்சியம் மண்ணில் இடம்பிடிக்க, சோடியம் நீரோடு வெளியேறியது. இதுதான் அயனிப் பரிமாற்றம்.

பல வருடம் கழித்து இதே பெயரை இயற்பியல் பாடத்தில் பார்த்தேன். படிகத்துக்குள் ஒளிக்கு வழி அமைக்கும் முறையாம்! வயலுக்கும் படிகத்துக்கும் என்ன சம்பந்தம்?

கதை வயலில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் தாம்ப்சன் என்ற நிலக்காரர் மண் வழியாக அம்மோனியம் சல்பேட் கரைசலை வடித்துப் பார்த்தார். அம்மோனியா மண்ணில் தங்கிவிட்டது. கீழே வந்தது என்ன தெரியுமா? ஜிப்சம்! 1850-ல் அவர் இதை வெளியிட, ஜான் தாமஸ் வே என்ற வேதியியலாளர் தொடர்ந்து ஆராய்ந்து, களிமண்தான் இப்படி ஆள் மாற்றுகிறது என்று காட்டினார்.

இனி ஒளிக்கு வருவோம். 1969-ல் பெல் ஆய்வகத்தின் ஸ்டூவர்ட் மில்லர், மின்சுற்றுபோல ஒளிக்கும் ஒரு சில்லில் சுற்று அமைக்கலாம் என்றார். அதற்கு ஒளி அலைநடத்தி வேண்டும். ஒரு கோட்டில் மட்டும் ஒளிவிலகல் எண் சுற்றுப்புறத்தைவிடச் சற்று அதிகம் இருந்தால், முழு அக எதிரொளிப்பால் ஒளி அதற்குள்ளேயே ஓடும். இரண்டு வரப்புக்கு நடுவே வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற மாதிரி.

அந்தக் கோட்டை எப்படிப் போடுவது? அயனியை மாற்றினால் போதும். 1972-ல் ஜப்பானில் இசாவாவும் நகாகோமேயும் கண்ணாடியில் தாலியம் அயனியைப் புகுத்தினார்கள். ஆனால் மின்னழுத்தம் கொடுத்து ஒளியைக் கட்டுப்படுத்த லித்தியம் நியோபேட் போன்ற படிகம் தேவை. 1975-ல் எம்.எல்.ஷா அதை உருகிய வெள்ளி நைட்ரேட்டில் வைத்து அலைநடத்தி செய்தார். 1982-ல் ஜேனட் ஜாக்கெல் குழுவினர் சூடான பென்சாயிக் அமிலத்தில் அமிழ்த்தினார்கள். லித்தியம் வெளியே போக, புரோட்டான் உள்ளே வந்தது. ஒளிவிலகல் எண் சுமார் 0.12 உயர்ந்தது. டைட்டானியத்தை ஊடுருவவிடும் பழைய முறையில் கிடைத்ததைவிட இது மிக அதிகம்.

ஒரு சிக்கலும் வந்தது. புரோட்டான் அளவுக்கு மிஞ்சியதும் மின்னழுத்தத்துக்கு இசையும் குணமே படிகத்தில் குறைந்துபோனது. தீர்வு? கொஞ்ச நேரம் மட்டும் அமிலத்தில் வைத்து, பிறகு தனியாகச் சூடேற்றி, புரோட்டானை ஆழமாகப் பரவவிட்டார்கள். குணம் பெருமளவு திரும்பியது. இன்று திசை அறியும் ஃபைபர் ஆப்டிக் ஜைரோஸ்கோப்புகளில் இப்படிச் செய்த சில்லுகள் இருக்கின்றன.

தாத்தாவிடம் இதைச் சொன்னபோது, "ஜிப்சம் போட்ட மறுநாளே நாத்து நட்டா விளையுமா? தண்ணி கட்டி வடிக்கணும், காத்திருக்கணும்" என்றார். படிகத்துக்கும் அதே கணக்குதான்.