ஆண்டுகளின் கணக்கு: வேலூர்த் தோல் தொழிலும் முதுமைச் சேமிப்பும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் பகுதியில் விரிந்து கிடக்கும் தோல் நகரங்களின் வரலாறு பெரும்பாலும் இரண்டு கதைகளாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலைக் கடல் கடந்து விற்றுப் பள்ளிகளும் கல்லூரிகளும் கட்டிய வணிகர்களின் கதை. மற்றொன்று, கழிவுநீரால் கெட்டுப்போன ஆற்றின் கதை. இரண்டும் சொல்லப்பட வேண்டியவையே. ஆனால் சுண்ணாம்புத் தொட்டியின் அருகிலும் தையல் எந்திரத்தின் முன்னாலும் வாழ்நாளைக் கழித்தவர் அறுபதாம் வயதில் எதைக் கொண்டு உண்கிறார் என்கிற மூன்றாவது கதை அதிகம் எழுதப்படவில்லை. திண்டுக்கல் தோல் தொழிலாளரின் வாழ்வையும் போராட்டத்தையும் டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் பதிவு செய்தார். 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. முதுமையின் கதைக்கோ நாம் சட்டப் பிரிவுகளையும் படிவங்களையும்தான் நாட வேண்டியிருக்கிறது.

வருங்கால வைப்பு நிதி 1951 நவம்பர் 15 அன்று அவசரச் சட்டமாகப் பிறந்து, 1952இல் முழுமையான சட்டமாயிற்று. தொழிலாளி தம் கூலியில் நூற்றுக்கு ஆறேகால் பங்கு தர வேண்டும். முதலாளி அதே அளவு சேர்க்க வேண்டும். அன்றைய கணக்கில் ரூபாய்க்கு ஓரணா. எளிய ஏற்பாடுதான். ஆனால் சிமெண்ட், சிகரெட், பொறியியல் பொருள்கள், இரும்பும் எஃகும், காகிதம், நெசவு என்னும் ஆறு தொழில்களில், அதுவும் 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளில் மட்டுமே அது தொடங்கியது. தோல் தொழில் அந்த ஆறில் இல்லை. பின்னரே பட்டியலில் ஏறியது. 1960ஆம் ஆண்டுத் திருத்தம் 50 என்பதை 20ஆகக் குறைத்தது. ஒரே நிறுவனத்தின் கிளைகளையும் துறைகளையும் ஒன்றாகவே எண்ண வேண்டும் என்ற பிரிவும் அப்போதுதான் சேர்ந்தது. அப்படியொரு பிரிவு தேவைப்பட்டதே, ஆள் எண்ணிக்கையைப் பிரித்துக் காட்டி விலகிக்கொள்ளும் வழி இருந்தது என்பதற்குச் சான்று. சிறு சிறு பட்டறைகளாகச் சிதறிக் கிடந்த ஒரு தொழிலுக்கு இந்த எண்கள் எவ்வளவு முக்கியமானவை என்று விளக்க வேண்டியதில்லை.

வைப்பு நிதி என்பது சேர்த்த பணத்தை வட்டியோடு திருப்பித் தருவது. மாதாமாதம் வரும் ஓய்வூதியம் வேறு. அது 1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து ஊதியத்தில் 8.33 விழுக்காடு இதற்குப் போகும். மைய அரசு 1.16 விழுக்காடு சேர்க்கும். ஓய்வூதியத்தைக் கணக்கிடும் வாய்பாடு இது: கணக்கில் கொள்ளப்படும் ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 7,000 ரூபாய் ஊதியமும் 14 ஆண்டுப் பணியும் உள்ளவருக்கு மாதம் 1,400 ரூபாய். பத்து ஆண்டுகள் என்றால் 1,000. ஒன்பது ஆண்டுகள் என்றால் 900 என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் மாத ஓய்வூதியமே கிடையாது. குறைந்தது பத்து ஆண்டுப் பணி வேண்டும் என்பது விதி. பணத்தை விட ஆண்டுகளையே இந்தத் திட்டம் கூர்ந்து எண்ணுகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அதற்கு முன்பு உழைத்த ஆண்டுகள் என்னவாயின? 1971ஆம் ஆண்டுக் குடும்ப ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர்களுக்குப் பழைய பணிக்கென ஓர் அட்டவணை வகுத்தார்கள். 20 ஆண்டுகளுக்கும் மேல் உழைத்திருந்தால் மாதம் 150 அல்லது 170 ரூபாய் என்பது அடிப்படைத் தொகை. 58 வயதாக இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றனவோ அதற்கேற்ப அது சற்றுப் பெருகும். இருபது ஆண்டு உழைப்பின் விலை அவ்வளவே.

ஆண்டுகளை எண்ணும் திட்டம் பிறந்த அதே காலத்தில்தான் வேலூர்ப் பகுதியில் ஆண்டுகள் முறியத் தொடங்கின என்பது இந்த வரலாற்றின் கொடிய பொருத்தம். வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்யாதவை மூடப்பட வேண்டும். சூழலியல் இழப்பை மதிப்பிட ஓர் ஆணையமும் அமைந்தது. ஆற்றின் பக்கம் நின்று பார்த்தால் அந்தத் தீர்ப்பு நியாயமானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஆணையத்தின் வேலை மண்ணுக்கும் நீருக்கும் அவற்றை நம்பியவர்களுக்கும் நேர்ந்த இழப்பை மதிப்பிடுவது. ஆலை மூடிக் கிடந்த மாதங்களில் ஒரு தொழிலாளியின் பணிக்காலத்தில் விழுந்த ஓட்டையை அளக்கும் பொறுப்பு அதற்குத் தரப்படவில்லை.

இதற்குள் தொழிலின் உருவமும் மாறியிருந்தது. 1970களில் கச்சாத் தோல் ஏற்றுமதியை அரசு தடுத்து, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. அதன் விளைவாக ஆம்பூரைச் சுற்றி ஷூ கம்பெனிகள் பெருகின. அவற்றில் பெரும்பாலும் வேலைக்கு வந்தவர்கள் பெண்கள். திருமணம், பிள்ளைப்பேறு, வேறு கம்பெனி என்று அவர்களுடைய பணிக்காலம் துண்டு துண்டானது. வேலையை விட்டவர் பி.எஃப். பணத்தை எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தபோது, திருமணத்திற்காக விலகும் பெண்ணுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு இல்லை. சலுகையாகத் தோன்றும் இந்த விலக்கு, ஒரு பெண்ணின் முதுமைச் சேமிப்பைக் கல்யாணச் செலவாகக் கரைக்கச் சட்டமே திறந்துவிட்ட கதவு. 2014இல் நிரந்தரக் கணக்கு எண் வரும்வரை ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு புதிய எண்; பழைய எண்ணைத் தேடி அலைவதை விடப் பணத்தை எடுத்துவிடுவது எளிது.

அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று நாம் சொல்லிவிட முடியாது. 2016 பிப்ரவரியில் முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்கக் கூடாது என்று மைய அரசு அறிவித்தபோது, ஏப்ரலில் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தெருவில் இறங்கினார்கள். இரண்டே நாளில் அரசு பின்வாங்கியது. மருத்துவச் செலவுக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கும் வேறு சேமிப்பு இல்லாதவருக்கு பி.எஃப். ஒன்றே கையிருப்பு. இன்றைய பசிக்கு விடை இல்லாதபோது நாளைய பசியைப் பற்றிப் பாடம் நடத்துவது எளிது.

பட்டியலுக்கே வராதவர்களும் உண்டு. ஷூவின் மேல்பாகத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைக்கும் பெண்களின் பெயர் எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லை. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளருக்கென ஒரு நல வாரியம் உண்டு. பதிந்துகொண்டவருக்கு அதில் ஓய்வூதியமும் உண்டு. பதிவு செய்வதும், அதை உரிய காலத்தில் புதுப்பிப்பதும் அவர்கள் பொறுப்பு.

மாதாமாதம் ஒரு தொகை கைக்கு வர வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் எல்லோருக்கும் பொது. அதை நன்கு அறிந்தவர்கள் நிதி நிறுவனம் நடத்துவோர். 2022இல் காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.எஃப்.எஸ். நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு நடவடிக்கை எடுத்தபோது, மாத வட்டியை நம்பிப் பணம் போட்ட பல்லாயிரம் பேர் தவித்தார்கள். பேராசை என்று ஊர் ஏசியது. 'மாத வட்டி' என்ற சொல்லுக்குள் 'ஓய்வூதியம்' ஒளிந்திருப்பதை நாம் காணத் தவறக் கூடாது.

2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதை உயர்த்தக் கோருவது நியாயம். ஆனால் பத்தாம் ஆண்டை எட்டாதவருக்கு அந்த ஆயிரமும் இல்லை. இங்கே அதிகம் பேசப்படாத ஒரு வழி இருக்கிறது. பத்தாண்டு நிறையாமல் விலகுபவர் ஓய்வூதியப் பங்கைப் பணமாக வாங்காமல், திட்டச் சான்றிதழாகப் பெற்றுக்கொள்ளலாம். வைப்பு நிதியை எடுத்துச் செலவழித்தாலும், உழைத்த ஆண்டுகள் அந்தத் தாளில் பத்திரமாக இருக்கும்; அடுத்த கம்பெனியின் ஆண்டுகளோடு அவை கூடும். பணம் வாங்கவும் சான்றிதழ் வாங்கவும் படிவம் ஒன்றுதான், 10சி. கம்பெனி வாசலில் அதை நிரப்பித் தருபவர் எதைக் குறிக்கிறார் என்று ஒரு பெண் கேட்டுத் தெரிந்துகொண்டால், நான்கு ஆண்டும் ஆறு ஆண்டும் சேர்ந்து பத்தாகும்.