பெயர்த்தெடுக்கலாகாப் பொருள்கள்

அபர்டீன் பஜாரின் மணிக்கூண்டிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் செல்லுலார் சிறையை அடைகிறோம். 1906இல் அது கட்டி முடிக்கப்பெற்றபோது, நடுக்கோபுரத்தினின்றும் ஏழு கட்டடங்கள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் விரிந்திருந்தன. ஒன்றன் முகப்பு அடுத்ததன் முதுகையே நோக்கும். ஆதலின் எதிர்க் கட்டடத்துக் கைதியின் முகத்தைக் காண்பதற்கில்லை. தனிமைக் கொடுமை அந்த அமைப்பிலேயே உறைந்திருந்தது. ஓர் அறைக்கதவைப் பெயர்த்துச் சென்னைக் காட்சிசாலையில் வைத்தால், அது வெறும் இரும்பே.

ஏழனுள் நான்கு அழிந்தன. விடுதலைக்குப் பின்னரும் இடிப்புத் தொடர்ந்தது என்பதே நமக்கு வருத்தம். 1963இல் அவ்வளாகத்தில் மருத்துவமனை அமைந்தது. மருத்துவமனை வேண்டியதுதான், வேறிடம் தேடியிருக்கலாம். அங்கு அடைபட்டிருந்த முன்னாள் கைதிகளே எதிர்த்துக் குரலெழுப்பினர். மூன்று கட்டடங்கள் எஞ்சின; 1979இல் சிறை தேசிய நினைவகமாயிற்று.

தாயகத்திலும் இத்தகைய இழப்பு உண்டு. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் என்னும் ஜெர்மானியர் அகழ்ந்தெடுத்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. பொருளைக் கப்பலேற்றலாம், அது எந்த மண்ணடுக்கில், எதனருகே கிடந்தது என்பதை ஏற்ற இயலுமோ? 2023இல் அங்கே அகழ்ந்த குழியின்மேலேயே கண்ணாடித் தளம் அமைத்தனர். விடுப்பில் ஊர் செல்லும் நம்மவர், முதுமக்கள் தாழிகளை அவை கிடந்த நிலையிலேயே குனிந்து காணலாம்.