ஓர் ஆளுக்கு ஒரு கோப்ளர்

“ஒரே ஆளுக்கு எதுக்கு ஓவனைப் போடணும்? வர்ற வழியில தாப்பாவ் பண்ணிட்டு வந்தா வேலை முடிஞ்சிச்சு.”

தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் இதைப் பிறர் சொல்லக் கேட்டிருப்பார்கள். தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டும் இருப்பார்கள். மின்கட்டணம், நேரம், கழுவவேண்டிய பாத்திரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நியாயமான பேச்சுதான். ஆனால் இதற்கு அடியில் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. சமையல் என்றால் நாலு பேருக்குச் செய்வது; தனக்கு மட்டும் செய்துகொள்வது சமையல் கணக்கில் வராது, வெறுமனே வயிற்றை நிரப்பிக்கொள்வது. இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை என்று சோதித்துப் பார்க்க அமெரிக்காவின் கோப்ளர் உதவும். பெரிய இரும்புச் சட்டியில் வளர்ந்து, இன்று உள்ளங்கையில் அடங்கும் கிண்ணத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் பழ இனிப்பு அது.

சாப்பிட்டுப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பழத்தை நறுக்கிச் சர்க்கரை சேர்த்துப் பாத்திரத்தில் போட்டு, அதோடு மாவையும் சேர்த்துச் சுட்டால் கோப்ளர். ‘பை’ போல மாவை மெல்லியதாகத் திரட்டி, அடியில் ஒன்று மேலே ஒன்று என்று விரித்து, ஓரத்தை மடித்து அலங்கரிக்கும் வேலை இதில் இல்லை. மாவு மேடும் பள்ளமுமாகவே வேகும். பெயர் எப்படி வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கல் பாவிய தெருவைப்போல மேற்பரப்பு இருப்பதால் என்று சிலர் சொல்வார்கள். கையில் கிடைத்ததை ஒட்டுப்போட்டுச் செய்வதால் என்பார்கள் வேறு சிலர்.

ஒட்டுப்போட்டது என்பது பொருத்தமாகத்தான் தோன்றுகிறது. பிரிட்டனிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் பையும் புட்டிங்கும் செய்து பழகிய கையோடு வந்தவர்கள். காட்டை வெட்டிக் குடிசை போட்ட இடத்தில் செங்கல் சூளை அடுப்பு கிடையாது. கணப்பு நெருப்பும் ஓர் இரும்புச் சட்டியும்தான் இருந்தன. 1839இல் லெட்டிஸ் பிரையன் என்பவர் வெளியிட்ட ‘தி கென்டக்கி ஹவுஸ்வைஃப்’ என்ற சமையல் நூலில் பீச் பழத்தில் செய்யும் ஒரு சட்டிப் பை வருகிறது. அதைக் கோப்ளர் என்றும் சொல்வார்கள் என்று எழுதும் அவர், விருந்தாளிக்கு வைக்கிற அளவுக்கு நாகரிகமான பண்டமில்லை, ஆனால் குடும்பத்துக்கு அருமையானது என்கிறார். கோப்ளரின் வரலாற்றில் இது முக்கியமான குறிப்பு. அது அச்சில் ஏறிய காலத்திலேயே அதன் இடம் வீட்டின் உள்பக்கம் என்று குறித்துவிட்டார்கள்.

அந்த இரும்புச் சட்டிக்கு டச்சு ஓவன் என்று பெயர். மூன்று குட்டைக் கால்கள், கனத்த மூடி, மூடியின் விளிம்பில் ஒரு வரப்பு. கீழே தணல் பரப்பிச் சட்டியை வைத்து, மூடிமேலும் தணலைக் கொட்டினால் வரப்பு அதைச் சரியவிடாது. மேலும் கீழும் சூடு ஏறும். மாட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு டெக்சஸிலிருந்து வடக்கே போனவர்களுக்காக 1866இல் சார்ல்ஸ் குட்நைட் ஒரு பழைய ராணுவ வண்டியை மாற்றி ‘சக் வேகன்’ என்ற சமையல் வண்டியை உருவாக்கினார். அந்த வண்டிகளிலும் டச்சு ஓவன் ஏறியது. உலர்ந்த ஆப்பிளோ பீச்சோ கிடைத்தால் சமையற்காரர் கோப்ளர் போடுவார். அந்தச் சட்டியில் ஒருவருக்கு மட்டும் சுடுவது நடக்காது. சட்டியின் கனம், தணலின் அளவு, அதை மூட்டி எரியவிட ஆகும் நேரம் எல்லாமே பத்துப் பேரையாவது கேட்டன. ‘சமையல் என்றால் பலருக்கு’ என்ற நம்பிக்கையில் பாதி இந்த அடுப்பின் கணக்குதான்.

மற்றப் பாதி மாவின் கணக்கு. மாவு உப்ப வேண்டுமென்றால் முன்பு புளிப்பு வேண்டும். ஈஸ்ட்டையோ புளித்த மாவையோ உயிரோடு வைத்துக் காப்பாற்ற வேண்டும். தினமும் சுடுகிற வீட்டில்தான் அது முடியும். தோசை மாவைத் தனியாளாக அரைத்து வைத்து நாலாம் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தச் சிக்கலைத் தீர்த்த கதை இங்கிலாந்தில், ஒரே ஒரு ஆளுக்காகத் தொடங்கியது. பர்மிங்ஹமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்டின் மனைவி எலிசபெத்துக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அவருக்காக முட்டையில்லாத கஸ்டர்ட் பொடியைச் செய்த பேர்ட், 1843இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டியை உப்பவைக்கும் ஒரு பொடியையும் செய்தார். அமெரிக்காவில் ஹார்வர்ட் பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபர்ட் 1856இல் கால்சியம் பாஸ்பேட்டைக் கொண்ட ஓர் அமிலப்பொடிக்குக் காப்புரிமை பெற்றார். சோடாவோடு அது ஈரத்தில் சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பும், மாவு எழும்பும்.

பேக்கிங் பவுடர் நேரத்தை மிச்சப்படுத்தியது என்றுதான் பொதுவாக எழுதுவார்கள். அது அளவையும் விடுதலை செய்தது. டப்பாவுக்குள் மாதக்கணக்கில் பேசாமல் கிடக்கும். கால் தேக்கரண்டி எடுத்தாலும் அதன் வேலையை அது சரியாகச் செய்யும். கோப்ளர் சின்னக் கிண்ணத்துக்குள் வருவதற்கான வழி அப்போதே திறந்துவிட்டது. ஆனாலும் உள்ளே வர இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின, ஏனென்றால் தடை பொருளில் மட்டும் இல்லை.

இங்கே பீச் பழத்துக்கு வர வேண்டும். சீனாவில் தோன்றிய பீச்சை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். பூர்வகுடிகள் அதை விரும்பி நட்டுப் பரப்பினார்கள். 1870களில் ஜார்ஜியாவில் சாமுவேல் ரம்ப் தன் மனைவியின் பெயரை வைத்து ‘எல்பெர்ட்டா’ என்ற வகையை உருவாக்கினார்; பனிக்கட்டி வைத்த ரயில் பெட்டிகளில் அது வடக்கே போனது. பீச் என்றால் தெற்கு, தெற்கு என்றால் பீச் கோப்ளர் என்று ஆனது. குடும்பமே சுற்றி உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து அள்ளிச் சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமை இனிப்பு என்ற படம் அதோடு ஒட்டிக்கொண்டது.

அந்தப் படத்தில் சுட்டவர் எங்கே? தென்மாநிலத் தோட்ட மாளிகைகளில் சமையற்கட்டு பெரும்பாலும் தனிக் கட்டடம். வெக்கையும் புகையும் தீ விபத்தும் மாளிகைக்கு வராமல் இருக்கப் பின்பக்கமாகக் கட்டினார்கள். அங்கே நின்று சமைத்தவர்கள் அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்கள். உணவு முற்றத்தைத் தாண்டி மேசைக்குப் போகும். சமைத்தவர் அந்த மேசையில் உட்கார முடியாது.

இவர்களில் மிகச் சிலரின் பெயரே அச்சில் நமக்குக் கிடைக்கிறது. தென் கரோலைனாவில் அடிமையாகப் பிறந்த ஆபி ஃபிஷர், விடுதலைக்குப் பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியேறி ஊறுகாயும் பழப்பாகும் விற்றுப் பெயர் வாங்கினார். 1881இல் அவருடைய தென்மாநிலச் சமையல் நூல் வெளிவந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, 1866இல், மலிண்டா ரஸ்ஸல் மிச்சிகனில் தம் சமையல் நூலை அச்சிட்டிருந்தார். அவர் சுதந்திரமாகப் பிறந்தவர், கணவரை இழந்தவர், டென்னஸியில் இனிப்புக்கடை நடத்தியவர். சேமித்ததைக் கொள்ளையரிடம் பறிகொடுத்து ஊரைவிட்டுப் போனவர், திரும்பிப் போகப் பணம் சேர்க்கத்தான் நூலை வெளியிட்டார். ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஒருவர் எழுதியதாக இன்று அறியப்படும் முதல் சமையல் நூல் அதுதான்.

ஆக, பலர் கூடி உண்ட பெரிய பாத்திரத்தை நினைத்து ஏங்குவதற்கு முன்னால் அந்தப் ‘பலர்’ யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடிமை முறை ஒழிந்த பிறகும், வீட்டுச் சமையலில் இந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிச் சாப்பிடும் பெண்ணை நமக்கும் தெரியும். “நீங்க எல்லாம் சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்” என்பதை அன்பு என்று மட்டும் படித்துக்கொண்டே வளர்ந்திருக்கிறோம்.

20ஆம் நூற்றாண்டில் வீடுகள் சுருங்கின. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1940இல் ஒருவர் மட்டும் வாழும் வீடுகள் 7.7 விழுக்காடு, 2020இல் 27.6 விழுக்காடு. சிங்கப்பூரிலும் 2010இல் 12.2 விழுக்காடாக இருந்தது 2020இல் 16 விழுக்காடானது. இந்தத் தனியாட்களை முதலில் கவனித்தவை தொழிற்சாலைகள். 1950களில் அமெரிக்காவில் அலுமினியத் தட்டில் உறைந்த ‘டிவி டின்னர்’ வந்தது. 1971இல் ஜப்பானில் கப் நூடுல்ஸ் வந்தது. ஓர் ஆளுக்கு ஒரு பொட்டலம். அதைச் சூடாக்கலாம், வெந்நீர் ஊற்றலாம். சமைப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமிருக்காது.

எழுத்தாளர்கள் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். எம்.எஃப்.கே. ஃபிஷர் 1949இல் வெளியிட்ட அகர வரிசை உணவுக் கட்டுரை நூலில் முதல் எழுத்தையே தனியாக உண்பதற்கு ஒதுக்கினார். அவருக்குப் பிறகு இந்த விஷயத்தை அடுப்பு வரைக்கும் கொண்டுபோனவர் ஜூடித் ஜோன்ஸ். இலக்கிய வாசகர்களுக்கு அவரை வேறு வழியில் தெரிந்திருக்கலாம். ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை நிராகரிப்புக் குவியலிலிருந்து எடுத்து அமெரிக்காவில் பதிப்பிக்க வைத்தவர் அவர். பதிப்பாசிரியராக ஜூலியா சைல்டின் நூலைக் கொண்டுவந்தவரும் அவரே. அடிமை முறையிலிருந்து மீண்டவர்கள் நிறுவிய ஃப்ரீடவுன் என்ற ஊரில் பிறந்த எட்னா லூயிஸின் நூலை 1976இல் வெளிக்கொண்டுவந்ததும் அவர்தான். 1996இல் கணவர் இவான் இறந்தபோது, இனி தனக்காக மட்டும் சமைக்கப் பிடிக்குமா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. பிடித்தது. 2009இல், 80 வயதைக் கடந்த நிலையில், ஒருவருக்காகச் சமைப்பதன் இன்பங்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார்.

இனி அடுப்புக்குப் போகலாம். கேக்கைச் சிறிதாக்குவது தொல்லை. அரை முட்டையை அளப்பது யார்? கோப்ளரில் முட்டையே இல்லை. மாவு, சர்க்கரை, பால், வெண்ணெய், பழம் எல்லாமே எவ்வளவுக்கும் பிரியும். சுமார் 350 மில்லி கொள்ளும், ஓவனில் வைக்கக்கூடிய பீங்கான் கிண்ணம் ஒன்று போதும். ஓவனை 180 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயைக் கிண்ணத்தில் போட்டு உள்ளே வைத்து உருக்குங்கள். மூன்று மேசைக்கரண்டி மைதா மாவு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, மூன்று மேசைக்கரண்டி பால் ஆகியவற்றைக் கரைத்து உருகிய வெண்ணெய்மேல் ஊற்றுங்கள். கிளறக் கூடாது. நறுக்கிய பீச் ஒன்றை ஒரு தேக்கரண்டி சர்க்கரையிலும் சில சொட்டு எலுமிச்சைச் சாற்றிலும் புரட்டி மேலே வையுங்கள். 25 முதல் 30 நிமிடத்தில் மாவு பழத்தைச் சுற்றி மேலே ஏறிவந்து பொன்னிறமாகும். பீச் விலை கூடுதலாகத் தெரிந்தால் மாம்பழம் போடலாம். அன்னாசி என்றால் சாற்றை வடித்துவிட வேண்டும்.

மைக்ரோவேவில் கோப்பைக்குள் வைத்து இரண்டே நிமிடத்தில் செய்பவர்களும் உண்டு. பழம் வேகும், மாவும் உப்பும். ஆனால் ஈரம் இருக்கும் வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் மேலே சிவக்காது, மொறுமொறுப்பு வராது. அந்த அரை மணி நேரத்தைத் தனக்காகச் செலவழிக்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி. விருந்தாளி வந்தால் யோசிக்காமல் செலவழிப்போம்.

பெரிய தட்டில் சுட்ட கோப்ளரில் எல்லாரும் கேட்பது ஓரத்துத் துண்டைத்தான். வெண்ணெயில் பொரிந்து, பழச்சாறு பாகாகி ஒட்டியிருக்கும் பகுதி அது. பரிமாறுகிறவருக்கு அது மிஞ்சுவது அபூர்வம். சின்னக் கிண்ணத்தில் சுற்றிலும் ஓரம்தான், அது முழுவதும் சுட்டவருக்குத்தான். பத்து நிமிடம் ஆறவிட்டுச் சாப்பிடுங்கள். பாகு நாக்கைச் சுடும்.