மூக்குக்குள்ள வைக்கிற துணி: ஒரு சின்ன வரலாறு

(1)
"ஆபரேஷனுக்கு பயம் இல்ல டாக்டர். முடிஞ்சப்புறம் மூக்குலேர்ந்து துணிய உருவுவாங்களாமே, அதுக்குத்தான் பயம்."

அம்பத்தூர் எஸ்டேட்ல கிரைண்டிங் வேலை பார்க்கிற ஒருத்தர் சொன்னது. மூக்குத் தண்டு வளைவு, நாங்க சீட்டுல எழுதுற டி.என்.எஸ். இடது பக்கம் காத்தே போகல. ஆறு வருஷமா தள்ளிப் போட்டுட்டார்.

(2)
காரணம் அவங்க சித்தப்பா. அந்தக் காலத்துல அவருக்கு இதே ஆபரேஷன் நடந்திருக்கு. ரெண்டு மூக்கிலும் கெட்டியா துணி அடைச்சு, ரெண்டு நாள் வாயால மூச்சு விட்டு, அப்புறம் கெஜக்கணக்குல துணி வந்துச்சாம். இந்தக் கதை அந்த வீட்டுல ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லப்படும்.

சித்தப்பா பொய் சொல்லல. ஆனா அது அவர் காலம். அந்தத் துணி எங்கிருந்து வந்துச்சு, இப்ப எங்க போச்சுன்னு சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

(3)
மூக்கு அறுவை சிகிச்சைன்னா நம்ம ஊர்ல முதல்ல வர்ற பேர் சுஸ்ருதர். அறுபட்ட மூக்கைக் கன்னத் தோல் எடுத்து ஒட்ட வைக்கிற முறை சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கு. பலரும் கவனிக்காத ஒரு வரியும் அதுல உண்டு. ஒட்டின பிறகு நோயாளி மூச்சு விடுவதற்காக மூக்குத் துளைகளில் ரெண்டு ஆமணக்குத் தண்டு வைக்கணும்.

உள்ளே குழல். அது வழியா காத்து. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவோம்.

(4)
அடுத்த காட்சி 1790கள். கவாஸ்ஜின்னு ஒரு மராட்டியர். ஆங்கிலேயப் படையில் மாட்டு வண்டிக்காரர். 1792 போர்ல திப்பு சுல்தான் படையிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூக்கு இல்லாம இருந்துட்டு, பூனா பக்கத்துல செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவரிடம் புது மூக்கு வெச்சுக்கிட்டார். நெத்தித் தோலைத் திருப்பி எடுத்துச் செஞ்ச மூக்கு.

(5)
இந்தச் செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' பத்திரிகையில் கடிதமா வந்தது. கையெழுத்து வெறும் "பி.எல்." எழுதினவர் நம்ம மதராஸில் இருந்த சர்ஜன் லூக்காஸ் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அதைப் படிச்சு உந்தப்பட்ட ஜோசப் கார்ப்யூ 1814ல் லண்டனில் இதே ஆபரேஷனைச் செய்தார். ஐரோப்பா மூக்கு சர்ஜரியைத் திரும்பக் கத்துக்கிட்டது இப்படித்தான்.

(6)
ஒரு டாக்டரா எனக்குப் பிடிச்சது அந்தக் கடிதத்தில் ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற பகுதி. வெட்டுன இடத்துல, வெத்தலையோட போடுவோமே அந்தக் காசுக்கட்டியைத் துணியில் தடவி ஒட்டுறாங்க. நாலு நாள் தொடக்கூடாது. அப்புறம் நெய் தடவின துணி. அஞ்சாறு நாள் மல்லாக்கப் படுக்கணும். பத்தாவது நாள், துளை மூடிக்காம இருக்க மூக்குக்குள்ள மெத்தென்ற துணித்துண்டு.

அங்கே துணி வெச்சது வழியைத் திறந்து வைக்க. பின்னாடி வந்தவங்க அதே துணியை வழியை அடைக்க வெச்சாங்க.

(7)
இதெல்லாம் வெளி மூக்கு. உள்ளே இருக்கிற தண்டை நிமிர்த்துவது வேற கதை. 19ஆம் நூற்றாண்டில் அது முரட்டு வேலை. இடுக்கியால பிடிச்சு உடைச்சு நேராக்குவாங்க, இல்லன்னா துருத்திட்டிருக்கிறதை ரம்பத்தால அறுப்பாங்க. மரத்துப் போக மருந்தே கிடையாது. 1884ல் வியன்னாவின் கார்ல் கோலர் கொக்கைன் கண்ணை மரத்துப் போக வைக்கும்னு காட்டினார். சீக்கிரமே அது மூக்குக்கும் வந்தது. அதன் பிறகுதான் நிதானமா உள்ளே பார்த்து வேலை செய்ய முடிஞ்சது.

(8)
ரத்தத்தை நிறுத்த ஒரே வழி துணி அடைப்பதுதான். அதோட மோசமான கதை 1895ல் நடந்தது. எம்மா எக்ஸ்டைன், உளவியல் மேதை ஃபிராய்டின் நோயாளி. ஃபிராய்டின் நண்பர் ஃபிளீஸ் அவருக்கு மூக்கில் ஆபரேஷன் செய்துவிட்டு பெர்லின் போயிட்டார். வலி, நாற்றம், ரத்தம் எதுவும் நிக்கல. வேறொரு டாக்டர் வந்து பார்த்தா உள்ளே ஒரு நூல். இழுத்தார். அரை மீட்டர் நீளத் துணி வந்தது. கூடவே ரத்தமும் பீறிட்டது. எம்மா பிழைச்சார், ஆனா முகத்தில் நிரந்தர வடு. ஃபிராய்டு பக்கத்து அறைக்கு ஓடிப்போனதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கார்.

(9)
சரியான ஆபரேஷன் 1902-04ல் வந்தது. சிகாகோவில் ஃப்ரீர், ஜெர்மனியில் கில்லியன். மேல்தோலைப் பிரிச்சு, வளைஞ்ச குருத்தெலும்பை எடுத்துட்டு, தோலைத் திரும்ப மூடுறது. முன்பக்கமும் மேல்பக்கமும் தாங்கறதுக்கு ஒரு பட்டையை மட்டும் விடணும். காத்து வந்தது. ஆனா அதிகமா எடுத்துட்டா மூக்கு நடுவுல குழி விழும், தண்டுல ஓட்டை விழும். 1940களில் சிகாகோவின் காட்டில் வழியை மாத்தினார்: வெட்டி எறியாதே, கோணலை மட்டும் சரி பண்ணி மிச்சத்தைக் காப்பாத்து. இன்னைக்கு நாங்க செய்யும் செப்டோபிளாஸ்டி அந்த வழியில் வந்தது.

(10)
ஆபரேஷன் மாறியும் துணி மட்டும் மாறல. பாரஃபினில் நனைச்ச நீளத் துணி, அப்புறம் ஊறினா உப்பும் பஞ்சு. சித்தப்பா பட்டது இதைத்தான். 1980களில், மூக்கில் அடைச்ச துணியில் கிருமி வளர்ந்து அதன் நச்சு உடம்பு முழுக்கப் பரவியதா சில நோயாளிகள் பதிவானாங்க. அரிதுதான், ஆனா டாக்டர்கள் யோசிக்க ஆரம்பிச்சாங்க: எல்லாருக்கும் இது தேவையா?

(11)
பதில் ரொம்ப எளிமையா இருந்தது. தைச்சிடலாமே! மெத்தை தைக்கிற மாதிரி, தானா கரையும் நூலால் ரெண்டு பக்கத் தோலையும் சேர்த்துத் தைச்சிட்டா நடுவுல ரத்தம் தேங்காது. அடைப்பு இல்லாம விட்டவங்களுக்கு வலி குறைவு, ரத்தக்கசிவும் கூடலைன்னு பல ஆய்வுகள் காட்டின. இன்னைக்குப் பலருக்கு அடைப்பே கிடையாது. தேவைப்பட்டா சிலிகான் தகடு. சிலதுல மூச்சு விடக் குழலும் சேர்ந்தே வரும்.

உள்ளே குழல், அது வழியா காத்து. ஆமணக்குத் தண்டு ஞாபகம் வருதா?

(12)
சிலருக்கு இப்பவும் அடைப்பு வைக்க வேண்டி வரலாம். வெச்சாலும் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல எடுத்துடுவோம். எனக்கு எதுன்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. கேட்கிறது உங்க உரிமை.

வளைஞ்ச தண்டு எல்லாத்துக்கும் ஆபரேஷன் வேண்டாம். லேசான வளைவு நிறைய பேருக்கு உண்டு, தொந்தரவு இல்லன்னா விட்டுடலாம். ஆனா உண்மையிலேயே மூச்சு அடைக்குதுன்னா பலன் உண்டு. பிரிட்டனில் 378 பேரை வெச்சு நடந்து 2023ல் வெளியான ஆய்வில், 6 மாசம் கழிச்சு, ஸ்ப்ரேயும் உப்புநீரும் மட்டும் எடுத்தவங்களைவிட ஆபரேஷன் செஞ்சவங்க நல்லா இருந்தாங்க.

(13)
ஆபரேஷன் முடிஞ்சா என்ன நடக்கும்?
• முதல் ஒண்ணு ரெண்டு வாரம் சளி பிடிச்ச மாதிரியே அடைக்கும். வீக்கமும் பொருக்கும்தான். "சரியாகல"ன்னு பயப்படாதீங்க.
• மேல் முன்பல் மரத்த மாதிரி இருக்கலாம். மெதுவா சரியாகும்.
• தகடு வெச்சிருந்தா சுமார் ஒரு வாரத்தில் எடுப்போம்.
• உப்புநீர் ஸ்ப்ரே தவறாம அடிங்க. தலையணை உயரமா வைங்க.
• மூக்கைச் சிந்தாதீங்க. தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்முங்க.
• வீட்டுல சொல்வாங்கன்னு ஆவி பிடிக்காதீங்க. முதல் நாட்கள்ல சூடு ரத்தத்தைக் கிளப்பும். கொதிக்கிற ரசமும் கொஞ்சம் ஆறட்டும்.

(14)
உடனே வர வேண்டியது: நிக்காத ரத்தம். காய்ச்சல். நாளாக ஆகக் கூடும் வலியோட ரெண்டு பக்கமும் முழு அடைப்பு. ஒரு பக்கம் தண்ணி மாதிரி ஒழுகுறது. தண்டில் ரத்தம் தேங்கிச் சீழ் பிடிச்சா சில நாள்லயே குருத்தெலும்பு கரைஞ்சிடும். அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க.

(15)
துணிப் பிரச்சினையை நாங்க பெருமளவு தீர்த்துட்டோம். தீராதது ஒண்ணு இருக்கு: ஓய்வு.

பிரிட்டிஷ் காலத்தில் நம்ம பூந்தமல்லி ஒரு கண்டோன்மென்ட். நோயிலிருந்து எழுந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை உடம்பு தேறுவதற்காகவே அங்கே வெச்சிருந்தாங்க. தேறுவதும் வைத்தியத்தில் பாதின்னு அந்த ராணுவத்துக்கே தெரிஞ்சிருக்கு. நம்ம ஆளு நாலாவது நாள் கிரைண்டிங் வீல் முன்னாடி நிக்கிறார். தூசி, குனிஞ்சு நிமிர்றது, கனம் தூக்குறது, அப்புறம் ராத்திரி 11 மணிக்கு ரத்தத்தோட போன்.

(16)
அதனால ரெண்டு வாரம். கனம் வேண்டாம், தூசி வேண்டாம். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்து சந்தா சரியா கட்டியிருந்தா, டாக்டர் சான்றிதழோட சராசரி சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமா வரும், வருஷத்துக்கு 91 நாள் வரை. இது சலுகை இல்ல, உங்க சம்பளத்தில் பிடிச்ச காசு. லீவு கேட்கக் கூச்சப்படாதீங்க.

(17)
நம்ம கிரைண்டிங்காரர் போன மாசம் ஆபரேஷன் செஞ்சுக்கிட்டார். துணி வைக்கல, தகடு மட்டும். எட்டாவது நாள் எடுத்தேன். ரெண்டு பக்கமும் மூச்சு இழுத்துப் பார்த்துட்டு முதல்ல கேட்டது: "டாக்டர், இதை எங்க சித்தப்பாகிட்ட எப்படிச் சொல்றது?"

உங்க வீட்டுலயும் ஒரு சித்தப்பா இருப்பார். அவருக்கு இதை அனுப்புங்க.