மளிகைக் கவுண்டரும் மிர்சாபூர் லேத்தும்

1950 டிசம்பர் 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு மளிகைக் கடைக் கவுண்டரைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. டர்ன்ஹாம் என்பவர் பெயரில் காப்புரிமை பெற்றிருந்த அந்தக் கவுண்டரின் அமைப்பு எளிமையானது. சற்று நீளமான மேசை. அதன் மேல் மூன்று பக்கம் மட்டும் அடைத்த ஒரு சட்டகம். மூடியும் கிடையாது, அடிப்பலகையும் கிடையாது. வாடிக்கையாளர் தன் சாமான்களை அதற்குள் வைப்பார். கல்லாவில் இருப்பவர் சட்டகத்தை இழுத்தால் சாமான்கள் அவர் முன் வந்து சேரும். திருப்பித் தள்ளினால் சாமான்கள் அங்கேயே நிற்க, சட்டகம் மட்டும் அடுத்த ஆளுக்காகப் போய்விடும். சட்டகம் மேசையை விட்டு நழுவாமலிருக்க கைடு ரெயில்.

கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் காப்புரிமை செல்லும் என்றே சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்றத்துக்காகத் தீர்ப்பெழுதிய நீதிபதி ராபர்ட் ஜாக்சன் பொருளைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். கவுண்டர், கடைக் கவுண்டர்கள் காலங்காலமாகச் செய்துவந்ததைச் செய்கிறது. சட்டகம், வழவழப்பான பரப்பில் எந்தச் சட்டகமும் செய்யக்கூடியதைச் செய்கிறது. கைடு ரெயிலும் அப்படியே. விழாமல், வழுக்காமல் பிடித்து நிறுத்துவதுதான் அதன் பிழைப்பு. இவற்றைச் சேர்த்ததால் தனித்தனியே இருந்ததைவிடக் கூடுதலாக எதுவும் விளையவில்லை. இரண்டையும் இரண்டையும் கூட்டினால் நான்குதான் என்றார். காப்புரிமை போயிற்று. வழக்கில் ஜெயித்தது ‘ஏ அண்ட் பி’ என்று அழைக்கப்பட்ட பெரிய மளிகை நிறுவனம்.

ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழித்து, 1978 டிசம்பர் 13 அன்று, நம் உச்ச நீதிமன்றம் பிஸ்வநாத் பிரசாத் ராதேஷியாம் எதிர் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. இடம் மிர்சாபூர், உத்தரப் பிரதேசம். பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே தட்டு போன்ற ஆழமில்லாத பாத்திரங்களைக் கடைந்து மெருகேற்றும்போது, அவற்றை லேத்தின் ஹெட்ஸ்டாக்கில் ஒருவகைப் பசையால் ஒட்டுவார்கள்; அல்லது சக்கின் தாடைகளில் பிடிப்பார்கள். எதிர்முனையில் தாங்கிப் பிடிக்கும் டெயில்ஸ்டாக் கிடையாது. வேகமாகச் சுழலும்போது பாத்திரம் பிய்த்துக்கொண்டு பறக்கும் அபாயம் இருந்தது. 1951ஆம் ஆண்டுக் காப்புரிமை, எதிர்ப்பக்கம் டெயில்ஸ்டாக்கிலிருந்து ஓர் அழுத்தத் தண்டைக் கொண்டுவந்து பாத்திரத்தை அழுத்திப் பிடித்தது. வேலை விரைவாகும், பாதுகாப்பு கூடும், மெருகும் நன்றாக வரும் என்பது உரிமைதாரரின் வாதம்.

இந்த வழக்கும் ஏறி இறங்கிய வழக்குதான். அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார். இரு நீதிபதி அமர்வு அதைத் திருப்பிக் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் மறுபடி ரத்து செய்தது. தீர்ப்பெழுதிய நீதிபதி சர்க்காரியா, டெயில்ஸ்டாக் முனையால் வேலைப்பொருளை அழுத்திப் பிடிப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த உத்தி என்றார். அதைச் சற்றே மாற்றிப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தியது வெறும் பட்டறை மேம்பாடு. தேர்ந்த கைவினைஞரின் திறமைக்கு அப்பாற்பட்டது எதுவும் அதில் இல்லை.

இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படிக்கிறவருக்கு ஒன்றின் நகலே மற்றொன்று என்று தோன்றும். இரண்டிலும் உறுப்புகள் பழையவை, பொருள் பயனுள்ளது, முடிவு ஒன்றுதான். ஆனால் முடிவுக்கு வந்த வழி வேறு. எனக்கு அந்த வேறுபாடே முக்கியமாகப் படுகிறது.

ஜாக்சன் பார்த்தது பொருளை. உறுப்புகளைப் பெயர் சொல்லி அழைத்து, நீ என்ன செய்கிறாய் என்று ஒவ்வொன்றையும் விசாரித்து, கூட்டுத்தொகை எவ்வளவு என்று கணக்குப் போட்டார். இந்தக் கணக்கில் ஒரு கோளாறு உண்டு. இயந்திரவியலில் எந்தப் பொருளைப் பிரித்துப் போட்டாலும் நெம்புகோல், ஸ்பிரிங், உருளை, ரெயில் என்றுதான் முடியும். ஸ்பிரிங் எப்போதும் ஸ்பிரிங்கின் வேலையைத்தான் செய்யும். அப்படியானால் எந்த இயந்திரமும் நான்கைத் தாண்டாது. மளிகைக் கவுண்டருக்கு அந்தத் தீர்ப்பு நியாயமாகவே இருக்கலாம். பொது அளவுகோலாக வைத்தால் தையல் இயந்திரம்கூடத் தேறாது.

சர்க்காரியா பார்த்தது ஆளை. அன்றைய பொது அறிவோடு, இதே சிக்கலை எதிர்கொண்டு, ஆனால் இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி எதுவும் தெரியாமல் ஒரு தேர்ந்த கைவினைஞர் நிற்கிறார். முன்பே வெளியான ஆவணத்தை அவர் கையில் கொடுத்தால், எனக்கு வேண்டியது இதுதான் என்று சொல்வாரா? இது ஆங்கிலேய வழக்குகளின் வழியே வந்த கேள்வி. இதில் கூட்டல் கணக்கு கிடையாது. பட்டறைக்குள் போய், அங்கே என்ன தெரிந்திருந்தது, எது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்று சாட்சியத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்கா தன் கூட்டல் கணக்கிலிருந்து வெளியே வரச் சுற்றிவளைத்தே வந்தது. 1952 காப்புரிமைச் சட்டத்தில் 103ஆம் பிரிவு சேர்ந்தது: அத்துறையில் சாதாரணத் திறமை உள்ளவருக்கு ஒட்டுமொத்தப் பொருளும் எளிதில் தோன்றியிருக்குமா என்பதே அளவுகோல். 1966இல் கிரஹாம் எதிர் ஜான் டீர் வழக்கு. அதுவும் இயந்திரந்தான், ஏர்க்கலப்பையின் கொழுத்தண்டைப் பிடிக்கும் கவ்வி. முன்பிருந்தவை எவை, வேறுபாடு என்ன, துறைத் திறமையின் மட்டம் எது, வணிக வெற்றி, நெடுநாள் தேவை போன்ற துணைச் சான்றுகள் உண்டா என்று பார்க்கச் சொன்னது அந்தத் தீர்ப்பு. பிறகு அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டு பழைய ஆவணங்களை இணைக்கச் சொல்லும் போதனையோ குறிப்போ தூண்டுதலோ எங்காவது இருக்க வேண்டும் என்று ஒரு விதியை வளர்த்து, நாளடைவில் அதை இறுக்கிவிட்டது.

2007இல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கு அந்த இறுக்கத்தைத் தளர்த்தியது. முன்னும் பின்னும் நகர்த்தி வைத்துக்கொள்ளக்கூடிய கார் ஆக்சிலரேட்டர் பெடலில், அசையாத அச்சருகே மின்னணு உணரியைப் பொருத்தியதுதான் கண்டுபிடிப்பு. நகரும் பெடல் பழையது, உணரியும் பழையது. அந்த மேல்முறையீட்டு நீதிமன்றம், பழைய பெடல் வேறொரு சிக்கலைத் தீர்க்கச் செய்யப்பட்டது, ஆகவே வடிவமைப்பாளர் அந்தப் பக்கம் பார்த்திருக்க மாட்டார் என்றது. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இதை மறுத்தது. கார் தொழில் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. வடிவமைப்பாளர் சொன்னதை மட்டும் செய்யும் எந்திரமல்ல, அவருக்கும் சொந்தப் புத்தி உண்டு. கண்ணெதிரே உள்ள தேவைக்குக் கைவசம் உள்ளதைப் பயன்படுத்தத்தான் செய்வார் என்று நீதிபதி கென்னடி எழுதினார். 1978இல் மிர்சாபூர் பட்டறையில் நம் நீதிமன்றம் நின்ற இடத்துக்கு அமெரிக்கா 2007இல்தான் வந்து சேர்ந்தது என்று சொன்னால் அமெரிக்க வழக்கறிஞர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

அதனால் நாம்தான் முந்திக்கொண்டோம் என்று மார்தட்ட வழியில்லை. தீர்ப்பில் முந்தியவர்கள், அன்றாடக் கடிதத்தில் பிந்திவிட்டோம். காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கிறவருக்கு உச்ச நீதிமன்றம் எங்கோ தூரத்தில் இருக்கிறது. கையில் கிடைப்பது காப்புரிமை அலுவலகப் பரிசோதகரின் கடிதம்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நகரும் கதவுக்கான கைடு ரெயில். அதில் ஓடும் உருளைக்கு முன்னால் தூசியைத் தள்ளிவிடும் ஒரு சிறு தூரிகை. பரிசோதகர் தேடியெடுத்த முதல் பழைய ஆவணத்தில் ரெயிலும் உருளையும் இருக்கின்றன. இரண்டாவது ஆவணம் ஒரு கன்வேயரைப் பற்றியது, அதில் தூரிகை இருக்கிறது.

அமெரிக்கப் பரிசோதகர் இரண்டையும் சேர்த்து விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், பெரும்பாலும் நிராகரிப்பார். ஆனால் கோரிக்கையின் ஒவ்வொரு உறுப்பும் எந்த ஆவணத்தில் எந்த இடத்தில் உள்ளது என்று காட்டியாக வேண்டும். சாதாரணத் திறமை உள்ளவர் இவற்றை ஏன் சேர்த்திருப்பார் என்பதற்கு ஒரு காரணத்தையும் எழுத வேண்டும். அலுவலகத்தின் பரிசோதனைக் கையேடு, கேஎஸ்ஆர் தீர்ப்பை ஒட்டி, ஏற்கத்தக்க காரணங்களுக்கு ஏழு மாதிரிகளைத் தருகிறது. உறுப்பின் இடத்தை மாற்றுவது, இரண்டை ஒன்றாக வார்ப்பது, ஒன்றைப் பலவாக்குவது போன்ற இயந்திரவியல் மாற்றங்களுக்கு அங்கே பழைய வழக்குகளின் பட்டியலே உண்டு. ஹைட்ராலிக் பிரஸ்ஸின் ஸ்விட்சை இடம் மாற்றினாலும் இயக்கம் மாறவில்லை என்ற 1950ஆம் ஆண்டு ஜாப்பிக்சே வழக்கு அதில் ஒன்று.

காரணம் எழுதப்பட்டிருப்பதால் விண்ணப்பதாரரால் அதை உடைக்க முடிகிறது. கன்வேயர் என் துறையே அல்ல, என் சிக்கலுக்கும் தொடர்பில்லை என்று வாதாடலாம். அந்தத் தூரிகையை இங்கே வைத்தால் உருளையே ஓடாது என்று காட்டலாம். 1984ஆம் ஆண்டு கோர்டன் வழக்கு இதற்கு அருமையான சான்று. இரத்தத்தை வடிகட்டும் சாதனத்துக்கு எதிராக அலுவலகம் பழைய பெட்ரோல் வடிகட்டி ஒன்றைக் காட்டி, அதைத் தலைகீழாகத் திருப்பினால் இதுதானே என்றது. தலைகீழாகத் திருப்பினால் அந்த வடிகட்டி தன் வேலையையே செய்யாது. பிறகு யார் அதைத் திருப்புவார் என்று கேட்டு நீதிமன்றம் நிராகரிப்பை ரத்து செய்தது.

இந்தியப் பரிசோதகரின் கடிதம், முதல் பரிசோதனை அறிக்கை, வேறு தொனியில் வரும். நம் காப்புரிமைச் சட்டத்தில் குறையில்லை. 2(1)(ஜேஏ) பிரிவு புத்தாக்கப் படியை வரையறுக்கிறது: தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும், துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் துணைச் சான்றாக மட்டும் எட்டிப் பார்க்கும் பொருளாதாரம் இங்கே வரையறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இயந்திரக்காரர்களுக்கு இன்னொரு வாசற்படியும் உண்டு. 3(எஃப்) பிரிவின்படி, தெரிந்த சாதனங்கள் ஒன்றையொன்று சாராமல், தெரிந்த முறையிலேயே தத்தம் வேலையைச் செய்தால், அவற்றை வெறுமனே அடுக்குவதோ மாற்றி அடுக்குவதோ கண்டுபிடிப்பே ஆகாது. ஜாக்சனின் கூட்டல் கணக்கு அமெரிக்காவில் வலுவிழந்துபோக, நம் சட்டப் புத்தகத்தில் அது ஒரு பிரிவாகவே குடியிருக்கிறது என்பது வேடிக்கை. ரெயிலும் தூரிகையும் தனித்தனியே இயங்குகின்றனவா, ஒன்றின் இயக்கம் மற்றதை மாற்றுகிறதா என்பதே அங்கே கேள்வி. அதைக் கேட்காமல் பிரிவு எண்ணை மட்டும் குறிப்பிட்டுவிட்டுப் போகும் கடிதங்கள் உண்டு. முதல் ஆவணத்தில் இது, இரண்டாவதில் அது, ஆகவே புத்தாக்கப் படி இல்லை என்று முடிந்துவிடும். இடையில் இருக்க வேண்டிய கைவினைஞரைக் காணோம்.

நீதிமன்றங்கள் இதைக் கவனிக்காமலில்லை. 2022 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அக்ரிபோர்டு வழக்கில், முன்பிருந்தது என்ன, விண்ணப்பம் வெளிப்படுத்துவது என்ன, முன்னதிலிருந்து பின்னது துறை அறிந்தவருக்கு எப்படி எளிதில் தோன்றும் என்ற மூன்றையும் ஆராயாமல் நிராகரிக்கக் கூடாது என்றது. பழைய ஆவணங்களை வரிசைப்படுத்திவிட்டு முடிவை எழுதுவது போதாது. பிஸ்வநாத் தீர்ப்பில் கேள்வியாக இருந்ததை அக்ரிபோர்டு தீர்ப்பு கடமையாக்கியது என்று கொள்ளலாம். கிண்டி அலுவலகத்திலிருந்து டெல்லி அலுவலகம்வரை எல்லாப் பரிசோதகர்களும் இதைக் கடிதத்தின் முதல் வரைவிலேயே கடைப்பிடித்தால், உயர் நீதிமன்றம் போய்த் திரும்பும் வழக்குகள் குறையும்.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை செல்லுபடியாகும் என்பது சட்ட அனுமானம். அதை உடைக்கத் தெளிவான, உறுதியான சான்று வேண்டும். இந்தியாவில் வழங்கியதாலேயே செல்லுபடியாகும் என்ற உத்தரவாதம் இல்லை என்று 13(4) பிரிவு சொல்கிறது, பிஸ்வநாத் தீர்ப்பும் அதையே சொன்னது. ஆகவே இங்கே பரிசோதகர் தாராளமாக விட்டுவிட்டாலும் நிம்மதி இல்லை. நன்கு காரணம் எழுதி நடந்த பரிசோதனை விண்ணப்பதாரருக்கும் லாபம்தான்.

என் தீர்ப்பு இது. அளவுகோல் என்ற வகையில் மிர்சாபூர் சிறந்தது. ஜாக்சனின் கணக்கை ஓர் எச்சரிக்கையாக வைத்துக்கொள்ளலாம், விதியாகக் கூடாது. நடைமுறை என்ற வகையில் அமெரிக்க அலுவலகம் மேல், நிராகரிப்பின் காரணம் காகிதத்தில் இருப்பதால்.

கோயம்புத்தூரிலோ அம்பத்தூரிலோ சிறு பட்டறை வைத்து ரெயில், ஸ்லைடு, கிளாம்ப் என்று எதையாவது புதிதாகச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மிர்சாபூர் லேத்து தோற்றதற்கு, புதுமை எந்த உறுப்பில் இருக்கிறது என்று விவரக்குறிப்பு தெளிவாகப் பிரித்துச் சொல்லாததும் ஒரு காரணம். உங்கள் ரெயிலும் தூரிகையும் சேர்ந்தபோது என்ன மாறியது, அதற்கு முன் என்ன செய்து பார்த்துத் தோற்றீர்கள், உருளையின் தேய்மானம் எவ்வளவு குறைந்தது என்று முதல் நாளே அளவோடு எழுதிக் கொடுங்கள். விண்ணப்பம் தாக்கலான பிறகு, அதில் இல்லாத புதுப் பொருளைத் திருத்தமாகச் சேர்க்கப் பிரிவு 59 அனுமதிப்பதில்லை.